விமான நிறுவனங்கள் இணையும்போது நம் வழித்தடத்துக்காக எழுதுவது எப்படி

குன்னூரில் பதினேழு வருடமாக டிக்கெட் பதிவுக் கடை வைத்திருக்கிறேன். வெலிங்டன் ராணுவக் குடும்பங்கள் டெல்லிக்குப் போவார்கள், எஸ்டேட் வீட்டுப் பிள்ளைகள் ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் போவார்கள். எல்லாரும் மலையிறங்கிப் போவது கோவையில் உள்ள பீளமேடு விமான நிலையத்துக்குத்தான். சில வருடங்களுக்கு முன் அங்கிருந்து ஒரே ஊருக்குப் பறந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று விலகிக்கொண்டது. அதே மாதம் ஒரு தம்பி, "அக்கா, அப்பா போயிட்டார், நாளைக்குக் காலையில நான் அங்க இருக்கணும்" என்று ஓடி வந்தான். அதுவரை அவசரத்துக்கு 6,000 ரூபாயில் கிடைத்த இருக்கைக்கு அவன் 14,000 கொடுத்தான். இரண்டு நிறுவனங்கள் ஒன்றாகும்போதும் இதேதான் நடக்கக்கூடும். அதனால்தான் இணைப்புச் செய்தி வந்தால் உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். நீங்களும் எழுதலாம்.

முதலில் எங்கே எழுதுவது என்று தெரிய வேண்டும். கம்பெனி தீர்ப்பாயமும் இணைப்பைப் பார்க்கும். ஆனால் அங்கே இணைப்புத் திட்டத்தை எதிர்க்க 10 சதவீதப் பங்கோ, நிறுவனக் கடனில் 5 சதவீதமோ உங்கள் கையில் இருக்க வேண்டும். விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் வேலை பாதுகாப்பும் உரிமமும். பயணி பேச வேண்டிய இடம் டெல்லியில் உள்ள இந்தியப் போட்டி ஆணையம். 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டப்படி, ஓர் இணைப்பு போட்டியைக் கெடுக்குமா என்று பார்ப்பது அவர்கள்தான். ரீஃபண்ட் வரவில்லை, பெட்டி தொலைந்துவிட்டது என்பதையெல்லாம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் புகார்த் தளமான ஏர்சேவாவில் போடுங்கள். இந்தக் கடிதத்தில் அதைக் கலந்தால் சொல்ல வந்தது அமுங்கிப்போகும்.

அடுத்தது நேரம். இணையும் நிறுவனங்களின் மனு வந்தால் ஆணையம் 30 நாளுக்குள் முதல் கருத்துக்கு வர வேண்டும். முழு விசாரணைக்கும் சேர்த்து 150 நாள். சந்தேகம் வலுத்தால் விவரத்தை வெளியிடச் சொல்லி, பாதிக்கப்படுகிறவர்களிடம் எழுத்தில் ஆட்சேபம் கேட்கலாம். அதற்குக் கிடைப்பது பத்தே நாள். அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம், அது வராமலே முடிந்துவிடலாம். ஏர் இந்தியா - விஸ்தாரா இணைப்பில் 2023 ஜூனில் ஆணையம் நிறுவனங்களிடம் விளக்கம் கேட்டது. அவர்கள் சில உறுதிமொழிகள் கொடுத்தார்கள், செப்டம்பர் 1 அன்று ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஆணையத்தின் இணையதளத்தில் இணைப்பின் சுருக்கம் ஏறிய அன்றே எழுதத் தொடங்குங்கள்.

என்ன எழுதுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். "இந்த நிறுவனம் மோசம், கொள்ளை அடிக்கிறது" என்று பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை. ஆணையம் பார்ப்பது வழித்தடத்தை: புறப்படும் ஊர், சேரும் ஊர். கோவை - டெல்லி ஒரு சந்தை, கோவை - மும்பை வேறொரு சந்தை. அந்த வழியில் இணைகிற இரண்டும் பறக்கின்றனவா, வேறு யார் இருக்கிறார்கள், இவர்கள் விலை ஏற்றினால் புதிதாக ஒருவர் வர முடியுமா? கடிதம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அங்கேதான் நம் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு விமான நிலையத்துக்குப் பதில் பக்கத்து நிலையம் உதவுமா என்ற கேள்வி கட்டாயம் வரும். வரைபடத்தில் பார்த்தால் கோழிக்கோடு, கொச்சி, பெங்களூரு எல்லாம் இருக்கின்றன. கூடலூர்க்காரருக்குக் கோழிக்கோடு சரிதான். கோத்தகிரியில் இருந்து வயதான அம்மாவை அழைத்துப் போகிறவருக்கு அது சரிப்படாது. பெங்களூருக்குப் போகலாமென்றால் பந்திப்பூர்ச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். மழைக்காலத்தில் குன்னூர் - மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்தால் பீளமேட்டுக்கே கோத்தகிரி சுற்றித்தான் போக வேண்டும். டெல்லியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இதை நாம் சொன்னால்தான் தெரியும். விமான நேரத்தையும் எழுதுங்கள். சாவு, ஆஸ்பத்திரி, நேர்காணல் என்று போகிறவர் விலை குறையும்வரை காத்திருக்க முடியாது. காலை விமானம் இரண்டு ஒன்றாகி, அதுவும் நிரம்பிவிட்டால் அவருக்கு மிஞ்சுவது மாலைதான்.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். நான் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். பார்த்த தேதி, பயணத் தேதி, வழித்தடம், நிறுவனம், நேரம், கட்டணம் என ஆறு கட்டம். ஒரே வழித்தடத்தை நாளைக்கு, ஒரு வாரத்துக்கு, ஒரு மாதத்துக்கு என்று மூன்று தடவை பார்த்து எழுதுவேன், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைப்பேன். இரண்டு மாதம் எழுதினாலே விலையின் போக்கு தெரிந்துவிடும்.

கடிதம் இரண்டு பக்கம் போதும், ஆங்கிலத்தில் இருக்கட்டும். நீங்கள் யார், எந்த வழித்தடம், எப்படிப் பாதிப்பு, நோட்டின் நகல். யார் பெயராவது வெளியே வரக்கூடாது என்றால் அதைத் தனியாகக் குறித்து ரகசியம் கேளுங்கள். மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இணைப்பை நிறுத்துங்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். நஷ்டத்தில் மூழ்குகிற நிறுவனமா என்பதையும் ஆணையம் எடைபோடும், நிபந்தனையோடு ஒப்புதல் தரவும் செய்யும். அதனால் நிபந்தனையை நீங்களே எழுதிக் கொடுங்கள்: இந்த வழித்தடத்தில் இருக்கைகளைக் குறைக்கக் கூடாது, காலை விமானத்தை எடுக்கக் கூடாது. இப்படி நடந்ததுண்டு. அதே ஏர் இந்தியா - விஸ்தாரா இணைப்பைச் சிங்கப்பூர்ப் போட்டி ஆணையமும் ஆராய்ந்தது. 2024 மார்ச்சில் அது ஒப்புதல் தந்தபோது சிங்கப்பூரிலிருந்து டெல்லி, மும்பை, சென்னை, திருச்சி ஆகிய நான்கு வழித்தடங்களிலும் கோவிட்டுக்கு முந்தைய அளவு இருக்கைகள் இருக்க வேண்டும் என்ற உறுதிமொழியை வாங்கிக்கொண்டது. திருச்சிக்குக் கேட்டு வாங்க முடிந்ததைக் கோவைக்கும் கேட்கலாம்.

ஆணை வந்ததும் இறக்கிப் படியுங்கள். வணிக ரகசியம் என்று சில இடம் மறைத்திருக்கும், மீதியில் உங்கள் வழித்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். நோட்டை மூடி வைத்துவிடாதீர்கள். உறுதிமொழி கொடுத்த வழித்தடத்தில் ஒரு விமானம் குறைந்தாலும் தேதியோடு குறித்து, ஆணை எண்ணைப் போட்டு மறுபடியும் எழுதுங்கள்.