ஒரு டிஃபென்ஸ்மேனின் புள்ளிவிவரப் பக்கத்தைப் படிப்பது எப்படி

ஐஸ் ஹாக்கி பார்க்கத் தொடங்கிய புதிதில் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். ஒரு வீரரின் பெயரைத் தேடி அவருடைய பக்கத்தைத் திறந்ததும் கண் நேரே கோல் எண்ணிக்கைக்குப் போய்விடும். ஃபார்வர்டுக்கு (கோல் அடிக்க முன்னால் ஆடுபவர்) அது போதும். டிஃபென்ஸ்மேனை, அதாவது தற்காப்பு ஆட்டக்காரரை, அப்படிப் பார்த்தால் பல நேரம் தப்பான முடிவுக்குத்தான் வருவீர்கள். எதிரணி அடிக்காமல் போன கோல்தான் அவருடைய வேலை, அதற்கு அந்த அட்டவணையில் கட்டமே கிடையாது.

அதனால் கோலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு வேறு வரிசையில் படியுங்கள். மாதிரிக்கு மார்க் ஜியோர்டானோவை எடுத்துக்கொள்ளலாம். டொரொன்டோவில் பிறந்தவர், என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்) அணியான கால்கரி ஃபிளேம்ஸின் கேப்டனாக இருந்தவர். மகா நட்சத்திரம் இல்லை, ஆனால் இந்தப் பாடத்துக்கு அவரை விடப் பொருத்தமான ஆள் இல்லை என்பேன்.

முதலில் பக்கத்தின் தலைப்பில் ட்ராஃப்ட் (அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் முறை) விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜியோர்டானோவுக்கு இருக்காது. எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை, 2004-ல் கால்கரி சும்மா ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டது. இந்த இடத்தில் மூன்று எண்களை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 1989-ல் நிக்லஸ் லிட்ஸ்ட்ரோம் 53-வது ஆள், 1996-ல் ஸ்டெனோ சாரா 56-வது ஆள், 2002-ல் டங்கன் கீத் 54-வது ஆள். மூவரும் பின்னால் ஆண்டின் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நோரிஸ் கோப்பையை வாங்கினார்கள், லிட்ஸ்ட்ரோம் ஏழு முறை! 18 வயதில் ஒரு பையன் எவ்வளவு வேகமாக ஓடுகிறான், எப்படி அடிக்கிறான் என்பது கண்ணுக்குத் தெரியும். பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே எதிரில் வருபவனுக்கும் தனக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது, எப்போது பக்கை (ஆடும் வட்டு) நோக்கிப் பாய்வது, எப்போது பாயாமல் நிற்பது என்பதெல்லாம் ஆடி ஆடித்தான் வரும். 2017-ல் கேல் மகார் 4-வதாகப் போனார், 2022-லேயே நோரிஸ் வாங்கினார் என்பதும் உண்மைதான். முதல் சுற்றில் போனவர்களுக்கு வாய்ப்பு அதிகம், அதை மறுக்கவில்லை. பின்னால் போனவரை அந்த எண்ணை வைத்து மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

அப்புறம் ‘லீக்’ என்ற பத்தியை மேலிருந்து கீழே படியுங்கள். பலர் என்.எச்.எல். வரிகளை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைத் தாண்டிவிடுவார்கள், கதை இருப்பதோ அந்த மற்றதில். ஜியோர்டானோவின் வரிசை இது: ஜூனியர் ஹாக்கியில் ஓவன் சவுண்ட், ஏ.எச்.எல்.-லில் (என்.எச்.எல்.-லுக்கு அடுத்த கீழ் லீக்) லோவல், பிறகு ஒமாஹா, 2006-07-ல் கால்கரிக்காக 48 ஆட்டம், உடனே அடுத்த வருடம் டைனமோ மாஸ்கோ. அந்த வருடம் 24 வயதில் என்.எச்.எல். ஆட்டம் ஒன்றுகூட இல்லை. பார்த்தால் ஆள் காலி என்றுதான் தோன்றும். நடந்தது வேறு. கால்கரி அவருக்குக் கொடுக்க வந்தது ‘டூ-வே’ ஒப்பந்தம்: மேல் அணியில் ஆடினால் ஒரு சம்பளம், கீழே ஏ.எச்.எல்.-லுக்கு அனுப்பினால் மிகக் குறைவான இன்னொரு சம்பளம். அவர் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ரஷ்யாவுக்குப் போனார். 2008-ல் அதே கால்கரிக்குத் திரும்பி வந்தார், 2013-ல் கேப்டன் ஆனார். ஒரு வரி திடீரென்று வேறு நாட்டுக்குத் தாவினால் அங்கே நிறுத்தி, அந்தக் கோடையில் ஒப்பந்த விஷயம் என்ன நடந்தது என்று தேடிப் பாருங்கள்.

ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையையும் இதே சந்தேகக் கண்ணோடு பாருங்கள். அந்த வருடங்களில் முழுப் பருவம் என்றால் 82. ஜியோர்டானோவுக்கு 2013-14-ல் 64, 2014-15-ல் 61. முதலாவது, எதிரணி அடித்த பக்கைத் தடுக்கப் போய்க் கணுக்கால் உடைந்ததால். இரண்டாவது, புஜத் தசைநார் அறுந்ததால். அந்த 61 ஆட்டத்திலேயே 48 புள்ளி (கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து) எடுத்து நோரிஸுக்கு முன்னணியில் இருந்தார். அடிபடுவது இந்த இடத்தில் ஆடுபவர்களின் வேலையிலேயே ஒரு பகுதி என்பதால், குறைந்த ஆட்டம் என்றால் பயிற்சியாளர் ஒதுக்கினாரா, உடம்பு ஒதுக்கியதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இப்போது உண்மையிலேயே முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம்: ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் ஐஸில் இருந்தார். ஆட்டம் 60 நிமிடம், பொதுவாக ஒரே நேரத்தில் இரண்டு டிஃபென்ஸ்மேன்கள் களத்தில் இருப்பார்கள், ஒரு அணிக்கு ஆறு பேர், அதாவது மூன்று ஜோடி, கணக்குப் போட்டால் தலைக்குச் சராசரி 20 நிமிடம். 24-க்கு மேல் என்றால் முதல் ஜோடி, 15-ஐ ஒட்டி என்றால் மூன்றாவது ஜோடி. பயிற்சியாளர் பேட்டியில் யாரை வேண்டுமானாலும் புகழ்வார், ஒரு கோல் முன்னணியில் கடைசி இரண்டு நிமிடம் யாரை இறக்குகிறார் என்பதில் பொய் சொல்ல முடியாது. 2015 பிளேஆஃபில் (பருவம் முடிந்த பின் ஸ்டான்லி கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்கள்) சிகாகோவின் டங்கன் கீத் சராசரி 31 நிமிடத்துக்கு மேல் ஆடினார், மொத்தத்தில் 700 நிமிடத்தைத் தாண்டினார். அணியில் நம்பி இறக்க நாலே டிஃபென்ஸ்மேன்கள்தான் என்ற நிலைமை வந்துவிட்டது, அதில் பெரிய சுமை அவர் தலையில். ஸ்டான்லி கோப்பையும் வந்தது, பிளேஆஃபின் சிறந்த வீரர் விருதும் வந்தது.

அந்த நிமிடங்களை இன்னும் உடைத்துப் பாருங்கள். பவர் பிளே நிமிடம் அதிகம் என்றால் புள்ளிகளும் தானாகக் கொஞ்சம் வீங்கும், ஏனென்றால் எதிரணியில் தண்டனையால் ஒரு ஆள் குறைவு. நம் அணியில் ஒரு ஆள் குறைந்திருக்கும்போது ஆடிய நிமிடம் அதிகம் என்றால், அவர் அணியின் காவல்காரர்களில் ஒருவர் என்று அர்த்தம். இரண்டிலும் நிறைய இருந்தால் விலை உயர்ந்த ஆள்தான், சந்தேகமில்லை. ஒரு எச்சரிக்கை: ஐஸ் நேரக் கணக்கு 1997-98 முதல்தான் முறையாகக் கிடைக்கிறது, அதற்கு முந்தைய ஆட்டக்காரர்களுக்கு இந்த வழி செல்லாது.

பிளஸ்-மைனஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். நீங்கள் ஐஸில் இருக்கும்போது பவர் பிளே அல்லாத கோல் உங்கள் அணி போட்டால் கூட்டல் ஒன்று, வாங்கினால் கழித்தல் ஒன்று. டிஃபென்ஸ்மேனை அளக்கவே செய்தது போலத் தோன்றும், ஆனால் ஒரு ஆளை மட்டும் வைத்து இதை நம்பவே நம்பாதீர்கள். 1974-75-ல் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணியின் பில் மிக்கல்சன் மைனஸ் 82. அது இன்றும் மோசமான சாதனையாக நிற்கிறது, ஆனால் அந்த அணி 80 ஆட்டத்தில் ஜெயித்ததே 8, அவர் தனியாக என்ன செய்வார் பாவம்? (அவருடைய மகள் மெகன் மிக்கல்சன் பிறகு கனடாவுக்காக 2010-லும் 2014-லும் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார், அவரும் டிஃபென்ஸ்தான்.) 2022-23-ல் எரிக் கார்ல்சன் 101 புள்ளி எடுத்தார், பிளஸ்-மைனஸ் மைனஸ் 26, ஆனாலும் நோரிஸ் அவருக்குத்தான். அவருடைய அணியான சான் ஹோசே அந்த வருடம் அவ்வளவு பலவீனம்.

பக்கத்தில் இல்லாத ஒன்றையும் தேட வேண்டும்: யாரோடு ஜோடி, யாருக்கு எதிரே. 1997 இறுதிச் சுற்றில் ஃபிலடெல்ஃபியாவின் எரிக் லிண்ட்ரோஸும் அவரோடு சேர்ந்து ஆடும் ஃபார்வர்டுகளும் ஆளை இடித்துத் தள்ளி ஆடுபவர்கள் என்பதால், டெட்ராய்ட் பதிலுக்கு முரட்டு ஆட்களைத்தான் இறக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். பயிற்சியாளர் ஸ்காட்டி போமன் இறக்கியதோ மோதுவதை விட இடம் பார்த்து நின்று பக்கை எடுத்துக்கொண்டு போகும் லிட்ஸ்ட்ரோம், லாரி மர்ஃபி ஜோடியை. நான்கே ஆட்டத்தில் தொடர் முடிந்தது, லிண்ட்ரோஸுக்கு மொத்தம் ஒரே கோல், அதுவும் கடைசி ஆட்டத்தின் கடைசி நொடிகளில். இதை எந்தக் கட்டமும் சொல்லாது, ஆட்டக் குறிப்புகளைத்தான் படிக்க வேண்டும்.

சரி, இப்போது கோலும் புள்ளியும் பார்க்கலாம். ஜியோர்டானோ 2018-19-ல் 74 புள்ளி எடுத்து 35 வயதில் முதல் நோரிஸ் வாங்கினார். விருதுக்கு வாக்களிப்பவர்கள் ஹாக்கி எழுத்தாளர்கள், அவர்களுக்கும் புள்ளி மோகம் உண்டு. ஆனால் 1983-ல் ராட் லாங்வே வெறும் 3 கோல், மொத்தம் 32 புள்ளியோடு அதே கோப்பையை வாங்கினார், அடுத்த வருடம் 33 புள்ளியோடு மறுபடியும். அவர் வந்து சேர்ந்த முதல் பருவத்தில்தான் வாஷிங்டன் தன் வரலாற்றில் முதல் முறையாகப் பிளேஆஃபுக்கு நுழைந்தது. அப்படி ஒரு தேர்வு இன்று நடக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

கடைசி வரிகளைப் படிக்கும்போது சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஜியோர்டானோவின் பெரிய ஒப்பந்தம் வருடத்துக்கு 67.5 லட்சம் டாலர். 2021-ல் புதிய அணியான சியாட்டில் அவரை எடுத்து முதல் கேப்டனாக்கியது, அடுத்த மார்ச்சில் சொந்த ஊரான டொரொன்டோவுக்கு மாற்றிவிட்டது. அங்கே அவர் கையெழுத்துப் போட்டது வருடத்துக்கு 8 லட்சத்துக்கு, இரண்டு வருடம். இந்தச் சரிவைப் பார்த்து ஆட்டமே போய்விட்டது என்று நினைக்காதீர்கள். 2023 மார்ச்சில், கணக்கு வைக்கத் தொடங்கிய பின் என்.எச்.எல்.-லில் மிக அதிக ஷாட்களை உடம்பால் தடுத்தவர் என்ற இடத்தைப் பிடித்தார், அந்த வசந்தத்தில் டொரொன்டோ 2004-க்குப் பிறகு முதல் முறையாக ஒரு பிளேஆஃப் தொடரை ஜெயித்தபோதும் அணியில் இருந்தார். 2023-24-ல் 40 வயதில் லீகிலேயே மூத்த ஆட்டக்காரர் அவர்தான். அதோடு வரிகள் முடிகின்றன, ஸ்டான்லி கோப்பை இல்லை.