புது ஊரில் சபை தேடும் விதம்

"அத்தை, ஓசூர்ல நான் எந்தக் கோயிலுக்குப் போகட்டும்?" என்று அண்ணன் மகள் போனில் கேட்டாள். நாங்கள் கிறிஸ்தவர்கள், கோயில் என்றால் எங்களுக்குத் தேவாலயம். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. கூகுளில் தேடினாளாம், பதினாலு வந்ததாம். ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நாலரை நட்சத்திரம். ஒன்றின் கீழே "பார்க்கிங் வசதி நன்று" என்று யாரோ எழுதியிருந்தாராம்.

சாத்தான்குளம் பக்கம் தேரிக்காட்டு ஊர்க்காரி நான். பாங்க் வேலையில் 31 வருஷத்தில் 7 ஊர் மாறினேன். ஒவ்வொரு ஊரிலும் பால்காரர், டாக்டர், சபை என்று மூன்றையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது. முதல் இரண்டும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். மூன்றாவதில் நான் இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன். அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் கட்டடத்துக்குக் கோயில் என்று பெயர், ஆட்களுக்குச் சபை என்று பெயர். "கோயிலுக்கு வெள்ளையடிக்கணும்" என்போம், "சபையில கேட்டுச் சொல்லுதேன்" என்போம். ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்து யாரும் பேசமாட்டார்கள். புதிய ஏற்பாட்டில் சபைக்கு இருக்கும் கிரேக்கச் சொல் எக்லேசியா. ஊராரைக் கூப்பிட்டுக் கூட்டும் கூட்டத்துக்கு அந்த நாட்டில் வழங்கிய பெயர் அது. ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், பிரிஸ்கில்லா ஆக்கில்லா வீட்டில் கூடிவருகிற சபைக்குப் பவுல் வாழ்த்துச் சொல்லியனுப்புகிறார். கூடாரம் தைத்துப் பிழைத்த புருஷனும் பெண்சாதியும் அவர்கள். கோபுரமும் கிடையாது, பார்க்கிங்கும் கிடையாது. ஆகவே நீங்கள் தேடப்போவது கோயில் இல்லை. கோயில் தூரத்திலிருந்தே தெரியும், சபையைத்தான் தேடவேண்டும்.

கிளம்பும் முன் சொந்தச் சபையில் மாற்றுக் கடிதம் வாங்கிவிடுங்கள். ஞானஸ்நானம் எப்போது, திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) எப்போது, சங்கக் காணிக்கை (சபைக்குக் கட்டும் சந்தா) எதுவரை கட்டியிருக்கிறது, எல்லாம் ஒரே பக்கத்தில் ஐயர் எழுதிக் கொடுப்பார். (எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் கூப்பிடுவோம். சேலத்தில் இதைச் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு தனிக்கதை.) நாளைக்குக் கல்யாண அறிக்கை வாசிக்கவும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும் இந்தக் காகிதத்தைத்தான் கேட்பார்கள்.

எந்தப் பிரிவு என்பதில் நான் ரொம்ப நிற்கமாட்டேன். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) காரி, பாமாலைப் பாட்டு இல்லாமல் எனக்கு ஞாயிறு விடியாது. ஆனாலும் ஒரு ஊரில் எங்கள் கோயில் 18 கிலோமீட்டர் தள்ளி இருந்ததால் இரண்டு வருஷம் பெந்தெகொஸ்தே சபையில் பாய் விரித்து உட்கார்ந்தேன். கை தட்டக் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அந்த ஊரில் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அக்கா அன்பியக் கூட்டத்துக்குக் கூப்பிடுவார். பெரிய பங்கை, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மொத்தச் சபையை, சில பத்துக் குடும்பங்களாகப் பிரித்து வீட்டுக்கு வீடு கூடுவதுதான் அன்பியம். யார் வீட்டில் காய்ச்சல், யார் பையனுக்கு வேலை இல்லை என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். பிரிஸ்கில்லா வீடு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் தடவை போவதற்குச் சாதாரண ஞாயிறாகப் பாருங்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை எதுவும் வேண்டாம். கல்யாண வீட்டில் எல்லா மாமியாரும் நல்ல மாமியார்தான். மழை பெய்கிற ஞாயிறு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். போனதும் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். பிந்தி வருகிறவர்கள், கைப்பிள்ளைக்காரிகள், இராத்திரி டூட்டி முடித்து யூனிபார்மோடு வந்த வாட்ச்மேன், தனக்குத்தானே பேசிக்கொள்ளும் ஒருவர் என்று ஒரு சபையின் நிஜம் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அவர்களுக்கு யாராவது பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எண்ணைக் காட்டுகிறார்களா என்று பாருங்கள். பொன்மோதிரக்காரனை நல்ல இடத்தில் உட்காரவைத்து, கந்தை கட்டினவனைப் பாதபடியண்டைக்கு அனுப்பிய சபையை யாக்கோபு தன் நிருபத்தில் திட்டுகிற இடம் ஞாபகம் இருக்கட்டும்.

பிரசங்கத்தை வைத்து மட்டும் தீர்மானிக்காதீர்கள். நல்ல பிரசங்கியார் இரண்டு மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். அறிவிப்பைக் கவனமாகக் கேளுங்கள், எல்லாரும் கைக்கடிகாரம் பார்க்கும் நேரம் அது. ஜெபத்துக்கு எந்தப் பேர்கள் வாசிக்கப்படுகின்றன? கமிட்டி அங்கத்தினர் வீட்டு முழங்கால் வலி மட்டுமா, பெருக்குகிற அம்மாவின் டயாலிசிசும் வருகிறதா? காணிக்கைத் தொகையைப் பேர் பேராக வாசிக்க எவ்வளவு நேரம், வியாதிப்பட்டவர்களைச் சொல்ல எவ்வளவு நேரம்? நான் பாங்க்காரி, எண்ணிப் பார்ப்பேன்.

ஆசீர்வாதம் முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். செருப்பு கிடக்கும் இடத்தருகே கால்மணி நேரம் நில்லுங்கள். யாராவது வருவார்கள். "எந்த ஊரு?" என்பார்கள், அது நல்ல கேள்வி. "யாரு வீடு?" என்பார்கள், அதுவும் பரவாயில்லை. மூன்றாவது கேள்விதான் முக்கியம். "எங்க தங்கியிருக்கீங்க, சாப்பாட்டுக்கு என்ன பண்றீங்க?" என்று கேட்டால் நீங்கள் பாதி வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். "அந்த ஊர்னா நீங்க இன்னாரா?" என்று சுற்றிவளைத்துச் சாதிக்கு வந்தால், அடுத்த ஞாயிறு வேறு கோயிலையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கேட்டார் என்பதற்காக ஒரு சபையைத் தள்ளிவிட வேண்டாம், ஒரு குடும்பத்தில் இப்படி ஒரு பெரியப்பா இருப்பார். எல்லாரும் கேட்டால்தான் யோசிக்க வேண்டும்.

இது பழைய நோய். வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர் கோயிலுக்குள்ளேயே சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துச் சுவர் இருந்தது, அதை 1910-ல்தான் இடித்தார்கள். இடித்ததை எதிர்த்து வழக்கும் நடந்தது. எங்கள் சி.எஸ்.ஐ. ஆட்கள் இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டாம். எங்களிடம் சுவர் இல்லை, அவ்வளவுதான். கல்லறைத் தோட்டத்துக்கு ஒருநாள் சாயங்காலம் நடந்துபோய்ப் பெயர்ப் பலகைகளை வாசித்துப் பாருங்கள். எல்லாரும் ஒரே வரிசையில் படுத்திருக்கிறார்களா, ஒரு பக்கம் சிலருக்கு மட்டுமா என்பது நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியாவை எங்கள் பிள்ளைகளுக்கு முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் என்று சொல்லிக்கொடுக்கிறோம். 1912-ல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் பிஷப் ஆனார், அது சரி. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகளைப் பார்த்து அவர் பேசினதைத்தான் நான் முதலில் சொல்வேன். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டிக்கொடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் மட்டும் தனியாக உட்காருவதைத்தான் அந்த மனுஷன் குறிவைத்தார். புது ஆளாக நீங்கள் போகும் சபையிலும் இதே அளவுகோலைப் பிடியுங்கள். நாற்காலி போடுவார்கள், டீ கொடுப்பார்கள், வரவேற்று ஒரு கார்டும் தருவார்கள். உங்களுக்கு ஒரு சிநேகிதம் கிடைக்கிறதா?

இனி சாவைப் பற்றி. சின்னப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் "ஐயோ அத்தை" என்பார்கள், ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும்.

ஒரு ஊரில் (பேர் வேண்டாம்) கூட வேலைபார்த்தவரின் அப்பா இறந்துபோனார். நானும் அவரும் கல்லறைக்கு இடம் கேட்கப் போனோம். பொருளாளர் பீரோவைத் திறந்து லெட்ஜரை எடுத்தார். இரண்டு வருஷச் சங்கக் காணிக்கை பாக்கி. விரலால் கோட்டைத் தொட்டுத் தொட்டுக் கூட்டினார். "கட்டிட்டா குழி வெட்டச் சொல்லிரலாம்." கட்டினோம், ரசீது போட்டார், கார்பன் பேப்பர் சரியாக வைக்கவில்லை என்று இரண்டாவது தடவையும் எழுதினார். அதுவரை மகன் நின்றுகொண்டே இருந்தார். அந்தக் கோயிலில் பைப் ஆர்கன் உண்டு, பாடகர் குழு அற்புதமாகப் பாடும்.

இன்னொரு ஊர். நாங்கள் குடிவந்து ஐந்து வாரம், மாற்றுக் கடிதம்கூட இன்னும் கொடுக்கவில்லை. விடியக்காலம் நாலு மணிக்கு என் மாமியார் போய்விட்டார்கள். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே சபை நம்பர் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருத்தர். ஐந்து மணிக்கு அவர் இரண்டு பெண்களோடு வந்தார். கையில் பிளாஸ்கும், பக்கத்து வீடுகளில் வாங்கின ஏழெட்டு டம்ளரும். என்னிடம் ஒன்றுமே பேசவில்லை. அடுப்படிக்குப் போய்ப் பால் சட்டியைத் தேடி எடுத்தார், என் மகனை எழுப்பி முகம் கழுவிவிட்டார், அவன் பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதினார். ஏழு மணிக்குக் கீர்த்தனை பாட ஆள் வந்துவிட்டது. குழி வெட்டினவருக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று மூன்று நாள் கழித்துத்தான் எனக்கு விசாரிக்கத் தோன்றியது. அந்தக் கோயிலுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, மழைக்குப் பிரசங்கம் காதில் விழாது.

இதைச் சோதித்துப் பார்க்க உங்கள் வீட்டில் சாவு விழவேண்டியதில்லை. சபையில் ஒரு துக்கம் நடந்தால் நீங்கள் போங்கள். யார் வந்திருக்கிறார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள், வந்து என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள்.

கணக்கைக் கேட்கவும் வெட்கப்படாதீர்கள். வருஷக் கணக்கு பலகையில் ஒட்டியிருந்தால் நின்று வாசியுங்கள். பெயின்டுக்கு எவ்வளவு, சவுண்ட் சிஸ்டத்துக்கு எவ்வளவு, விதவைகளுக்கு எவ்வளவு? முறுமுறுப்பு இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தில் ஆதிச்சபையிலேயே முறுமுறுத்தார்கள். அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசுகிறவர்களின் விதவைகள் விடுபட்டுப்போனார்கள். அப்போஸ்தலர்கள் வாயை மூடு என்று சொல்லவில்லை. சபையாரையே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி, அவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்று ஏழும் கிரேக்கப் பேர். குறை சொன்ன பக்கத்தார் கையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டார்கள்! எந்தக் கமிட்டியாவது இதைச் செய்து நான் இன்னும் பார்க்கவில்லை. கணக்குக் கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அதுவே போதும் என்று இருக்கிறேன்.

தேர்தல் வருஷத்தில் போய்ச் சேர்ந்தீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். எங்கள் திருமண்டலத்தில் (ஒரு பிஷப்பின் கீழுள்ள சபைகள்) கமிட்டித் தேர்தல் என்றால் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோகும். அதைப் பார்த்து மிரண்டுவிடாதீர்கள். தேர்தல் முடிந்து வருகிற திருவிருந்து (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனை) ஞாயிறன்று, இரண்டு அணிக்காரர்களும் ஒரே வரிசையில் முழங்கால் போட்டு ஒரே பாத்திரத்தில் குடிக்கிறார்களா என்று பாருங்கள். கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட்டுவிட, ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் (குடிவெறி) என்று பவுல் எழுதினார். பந்தியில் பிரிவினை இருந்தால் நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்று அவ்வளவு கடுமையாகச் சொன்னார்.

பந்தி என்றதும் எனக்கு அசனம்தான் ஞாபகம் வரும். எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒருநாள் சபை முழுக்க ஒன்றாகச் சமைத்து ஒன்றாகச் சாப்பிடுவது. முதல் நாள் இராத்திரியே கோயில் பின்னால் விளக்குப் போட்டு, அரிவாள்மணையோடு பெண்கள் வட்டமாக உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு பக்கம் கத்தரிக்காய், ஒரு பக்கம் வெங்காயம் மலையாகக் கிடக்கும். ஹெட்மாஸ்டர் சம்சாரமும் பனையேறி சம்சாரமும் ஒரே குவியலில் உரிப்பார்கள், இருவருக்கும் ஒரே மாதிரி கண்ணீர் வடியும். விடிய விடியக் கிடாரத்தில் வெந்த சோற்றைப் பனையோலைப் பாயில் கொட்டி ஆற்றுவார்கள். ஆவி கோயில் ஜன்னல் வரை ஏறும். ஐயர் ஜெபம் பண்ணினதும் முதல் பந்தி பிள்ளைகளுக்கு. ஊரில் இந்து வீட்டார் தூக்குச்சட்டியோடு வந்து வாங்கிப்போவார்கள். அவர்கள் கொடை விழாவுக்கு எங்கள் வீட்டுக்குப் பலகாரம் வரும்.

அதனால் கடைசி யோசனை இது. மூன்று மாதம் பாருங்கள், அதற்குமேல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மார்க் போடாதீர்கள். எல்லாரையும் எடைபோட்டுக்கொண்டே இருக்கும் ஆளை எந்தச் சபைக்கும் பிடிக்காது, நானும் அப்படி ஒரு ஊரில் இரண்டு வருஷத்தை வீணாக்கினேன். ஏதாவது ஒரு வேலையைக் கேளுங்கள். மேடை வேலை வேண்டாம், அதற்கு ஏற்கெனவே போட்டி இருக்கும். ஓய்வுநாள் பள்ளியில் (பிள்ளைகளின் ஞாயிறு வகுப்பு) பாய் விரிக்க, நடக்க முடியாத பாட்டியை ஆட்டோவில் கூட்டிவர, கூட்டம் முடிந்ததும் டம்ளர் கழுவ. டம்ளர் கழுவும் இடத்தில் தெரிகிற விஷயம் பலிபீடத்துப் பக்கம் தெரியாது.

அண்ணன் மகள் மூன்று கோயில் பார்த்தாள். முதலாவதில் யாரும் பேசவில்லை. இரண்டாவதில் வாட்ஸ்ஆப் குரூப்பில் உடனே சேர்த்துவிட்டார்கள், அதோடு சரி. மூன்றாவது, துணிக்கடைக்கு மேலே மாடியில் நடக்கிற கூட்டம். அதற்கு நட்சத்திரமே இல்லையாம், கூகுளிலேயே இல்லையாம். போன சனிக்கிழமை இராத்திரி பதினொரு மணிக்கு அவளிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே சத்தம், யாரோ சிரிக்கிறார்கள், பாத்திரம் உருள்கிறது.

"அத்தை, வெங்காயத்தைத் தண்ணியில போட்டு உரிச்சா கண்ணு எரியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? எரியுதே!"