ஓக் பீப்பாயில் முதிர்ந்த ரை பீர்: சுவைத்து மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்த வகை பீரை மதிப்பிடுவது கடினம் என்பதற்கு முக்கியக் காரணம் ஒன்று உண்டு. மிளகையும் கிராம்பையும் நினைவூட்டும் அந்த மணம் குறைந்தது மூன்று இடங்களிலிருந்து வரலாம்: ரை தானியம், ஓக் மரத்திலுள்ள யூஜினால் என்ற மணப்பொருள், நொதிக்கும்போது கிராம்பு மணத்தை உண்டாக்கும் சில ஈஸ்ட் வகைகள். எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்காமல், ‘மசாலா மணம் அருமை’ என்று எழுதி மதிப்பெண் போட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

அதற்கும் முன்பே தொடங்கிவிடும் தவறு, பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றுவது. 4 டிகிரி செல்சியஸில் வெனிலா, தேங்காய், வறுத்த மரம் ஆகிய மணங்கள் எழும்பவே எழும்பாது. நாக்குக்குக் கசப்பும் துவர்ப்பும் மட்டும் தூக்கலாகத் தெரியும். 10 முதல் 13 டிகிரி வரை சரியான சூடு. அறையின் வெப்பத்தைப் பொறுத்து இருபது, முப்பது நிமிடம் பாட்டிலை வெளியே வைத்தால் போதும். கோப்பை 15 டிகிரியைத் தொடும்போது இன்னொரு முறை சுவைத்துப் பாருங்கள். நகப்பூச்சு நீக்கியின் வாடையைத் தரும் எத்தில் அசிட்டேட் போன்ற குறைகள் அப்போதுதான் வெளியே வரும்.

வாய் குறுகிய டியூலிப் கோப்பையில் 60 முதல் 90 மி.லி. வரை ஊற்றினால் போதும். ஊற்றியபின் உட்சுவரில் குமிழிகள் கொத்தாக ஒட்டியிருந்தால் கோப்பை சரியாகக் கழுவப்படவில்லை என்று பொருள். வேறு கோப்பை எடுங்கள். அடியில் வண்டல் உள்ள பாட்டிலை முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, கடைசி ஒரு சென்டிமீட்டரை ஊற்றாமல் விடுங்கள். முதல் முகர்தல் ஊற்றிய சில நொடிகளுக்குள் நடக்க வேண்டும், அதுவும் குட்டிக் குட்டி மூச்சாக. நீளமாக உறிஞ்சிக்கொண்டே இருந்தால் மூக்கு அந்த மணத்துக்குப் பழகி மரத்துவிடும். அப்படி ஆனால் சட்டைக் கையை ஒரு முறை முகர்ந்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.

ரையைத் தவறான இடத்தில் தேடுவது

ரை ரொட்டியில் சேர்க்கப்படும், சீரகம் போன்ற காரவே விதையின் மணத்தை ரையின் மணம் என்று எண்ணிப் பீரில் தேடுபவர்கள் நிறைய. ரை மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய ரை தானியம்) மணம் அதுவல்ல. முறுகலான ரொட்டி ஓரம், ஈர மண், லேசான மிளகு, அவ்வளவுதான். ஐயம் இருந்தால் 50 கிராம் ரை மால்ட்டை நொறுக்கி, 65 டிகிரி சூடான 400 மி.லி. நீரில் 15 நிமிடம் ஊறவைத்து வடிகட்டிக் குடித்துப் பாருங்கள். பார்லி மால்ட்டையும் அதே போலச் செய்து பக்கத்தில் வைத்தால் வேறுபாடு உடனே பிடிபடும்.

உண்மையில் ரையை மூக்கைவிட நாக்குதான் நன்றாகக் கண்டுபிடிக்கும். அதிலுள்ள பீட்டா குளூக்கான், அராபினோசைலான் என்ற நார்ப்பொருள்கள் பீருக்கு ஒருவித வழவழப்பையும் கனத்தையும் தருகின்றன. தானியத்தில் 10, 20 சதவீதம் ரை இருந்தாலே இது தெரியத் தொடங்கும். பாதிக்கு மேல் ரை சேரும் ரோகன்பியர் என்ற ஜெர்மானிய ரை பீரில் நன்றாகவே தெரியும். இந்த வழவழப்பைச் ‘சர்க்கரை மிச்சம்’ என்று எழுதுவது ஒரு தவறு. வெண்ணெய் வாடை தரும் டையசெட்டில் என்ற பொருளின் குறை என்று எழுதுவது இன்னொன்று. டையசெட்டிலும் நாக்கில் வழுக்கும் என்பதால்தான் இந்தக் குழப்பம். வெண்ணெய் வாடை இருக்கிறதா என்று முகருங்கள். அது இல்லாமல் வழவழப்பு மட்டும் இருந்தால் பெரும்பாலும் ரையின் வேலைதான். பீர் சற்றுக் கலங்கலாக இருப்பதற்கும் மதிப்பெண் குறைக்காதீர்கள். வலுவான பீப்பாய் பீரில் நுரை சீக்கிரம் அடங்குவதும் அப்படித்தான்.

மரத்தையும் விஸ்கியையும் ஒன்றாக்குவது

மரம் தருவது வேறு, பீப்பாயில் முன்பு இருந்த மது தருவது வேறு. அமெரிக்கச் சட்டப்படி பர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலனில்தான் வைக்க வேண்டும். ஒரு முறை பயன்பட்ட பீப்பாய்கள் அதனால்தான் பீர் தயாரிப்பாளர்களுக்குக் கிடைக்கின்றன. அங்கே ரை விஸ்கி என்று பெயரிட, தானியத்தில் 51 சதவீதமாவது ரை இருக்க வேண்டும். ஆக, ரை விஸ்கி இருந்த பீப்பாயில் முதிர்ந்த பீரில் ரையின் சாயலுக்கு நான்காவது ஊற்றும் சேர்ந்துவிடுகிறது. வாயில் ரையின் வழவழப்பே இல்லாமல் மூக்கில் மட்டும் மிளகு ஏறினால், பீப்பாயைச் சந்தேகியுங்கள்.

பிஜேசிபி என்ற பீர் நடுவர் அமைப்பின் 2021 வழிகாட்டியும் இதைப் பிரித்தே வைக்கிறது: மரச்சுவை மட்டும் என்றால் 33ஏ, பழைய மதுவின் சுவையும் சேர்ந்தால் 33பி. எந்தப் பிரிவில் வந்த பீர் என்று பார்க்காமல் விஸ்கி மணத்தைத் தேடுவதும், அது இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைப்பதும் நியாயமில்லை.

கசப்பு, துவர்ப்பு, எரிவு

அதிகமாகச் சறுக்கும் இடம் இதுதான். மூன்றையும் சேர்த்து ‘காட்டமாக இருக்கிறது’ என்று எழுதினால் பீர் செய்தவருக்கு எந்தப் பயனும் இல்லை. ஒரு வாய் விழுங்கியபின் பத்து நொடி பொறுங்கள். நாக்கின் பின்பகுதியில் தங்கிப் பிறகு மெல்லக் கரைவது, பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பு. தொண்டையிலும் நெஞ்சிலும் சூடாக இறங்குவது ஆல்கஹால். நாக்கை ஈறின்மேல் தேய்க்கும்போது வறண்டு, சொரசொரப்பாகப் பிடித்தால் அது துவர்ப்பு, அதாவது ஓக்கின் டானின். ஐரோப்பிய ஓக்கில் இது பொதுவாக அதிகம். அமெரிக்க ஓக்கில் தேங்காய் மணம் தரும் லாக்டோன் தூக்கல். பழகிக்கொள்ள, பால் சேர்க்காத தேநீரைப் பத்து நிமிடம் ஊறவிட்டு ஆறியபின் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். துவர்ப்பு மட்டும் எப்படி இருக்கும் என்பது நாக்கில் பதிந்துவிடும்.

கொஞ்சம் துவர்ப்பு வேண்டும். ரையின் கனத்தை அறுத்து அடுத்த வாய்க்கு இடம் கொடுப்பது அதுதான். அடுத்தடுத்த வாய்களில் அது கூடிக்கொண்டே போனால்தான் குறை. அதனால் ஒரே வாயில் தீர்ப்பு எழுதாதீர்கள். மூன்று வாயாவது வேண்டும்.

பீப்பாயின் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் மன்னிப்பதும் தவறே. பலகைகளின் வழியே காற்று கசிவதால் அசிட்டிக் பாக்டீரியா வளர்ந்து காடிப் புளிப்பு வரக்கூடும். புளிப்பு பீர் என்று அறிவிக்காத பீரில் அது குறைதான். லேசான ஷெர்ரி ஒயின் மணம் வலுவான பீருக்கு அழகு; ஈர அட்டை வாடை எந்தப் பீருக்கும் அழகல்ல.

பிஜேசிபியின் மதிப்பெண் தாளில் மொத்தம் 50: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, ஒட்டுமொத்தம் 10. வரிசையில் வலு குறைந்ததை முதலில் வையுங்கள். இடையிடையே தண்ணீரும் உப்பில்லா பிஸ்கட்டும் போதும். காபியும் புதினா பற்பசையும் சுவைக்கத் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிட வேண்டும். பீப்பாய் மணம் எவ்வளவு பலமோ அவ்வளவு மதிப்பெண் என்ற மயக்கம் அனுபவமுள்ள நடுவர்களையும் பிடிக்கும். அடிப்படை பீர் என்னவென்று தாளில் எழுத முடியவில்லை என்றால், மரம் அதை விழுங்கிவிட்டது. மதிப்பெண் குறைய வேண்டும். குறைத்தால் வழியையும் எழுதுங்கள்: ‘டானின் அதிகம், பீப்பாயில் இருக்கும் காலத்தைக் குறைக்கலாம், அல்லது பீப்பாயில் வைக்காத அதே பீரைக் கொஞ்சம் கலக்கலாம்.’