வாட்டில் ஒரு மரணத்துக்குப் பிறகு: பணியாளரைத் தாங்குவது எப்படி?

வன்னி வைத்தியசாலைகளில் வேலை செய்யும் பலர் 2009 இறுதிப் போரில் இங்கேயே உயிர் தப்பியவர்கள். தங்கள் இழப்பைச் சுமந்தபடிதான் அடுத்தவரின் காயத்துக்கு மருந்து கட்டுகிறார்கள். வருடத்துக்கு ஒருநாள் செயலமர்வு வைத்துச் சான்றிதழ் கொடுப்பது இவர்களுக்குப் போதாது. ஆதரவு ரோஸ்டருக்குள்ளேயே (கடமைநேரப் பட்டியலுக்குள்ளேயே) வரவேண்டும்.

பிள்ளையொன்றோ பிரசவத்தாயோ இறந்தால், அந்தக் கடமைநேரம் முடியமுன் பொறுப்புத் தாதி 10 நிமிடம் ஒதுக்க வேண்டும். நோயாளருக்குக் கேட்காத இடத்தில் எல்லாரும் கதிரையில் இருக்கட்டும். சிற்றூழியரையும் அம்புலன்ஸ் சாரதியையும் கூப்பிடுங்கள். உடலைத் துடைத்துப் பிணவறைக்குக் கொண்டுபோனவரைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். சாப்பிட்டார்களா, இப்போது என்ன தேவை, வீட்டுக்கு எப்படிப் போகிறார்கள் என்று கேளுங்கள். நடந்ததை விபரமாகச் சொல்லும்படி வற்புறுத்த வேண்டாம். அப்படிச் சொல்லவைக்கும் ஒற்றை அமர்வை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. சிலருக்கு அது இன்னும் கிளறிவிடும். தானாகப் பேசுபவரைக் குறுக்கிடாமல் கேளுங்கள். யாரில் பிழை என்ற கதையை இங்கே எடுக்கவே கூடாது, அதற்கு மரண மீளாய்வுக் கூட்டம் இருக்கிறது. இரண்டையும் கலந்தால் அடுத்தமுறை ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள்.

இரவுக் கடமையில் முறைவைத்து 20 நிமிடம் தூங்க விடுங்கள். எழும்பிய உடனே மருந்தளவு கணக்கிட வேண்டாம். கால் மணித்தியாலமாவது தலை மந்தமாக இருக்கும். கஃபீன் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணித்தியாலம் எடுக்கும், ஆகவே கடைசித் தேநீர் அதிகாலை 2 மணிக்கு முன்பே. காலையில் கண் சொருகினால் ஏ9 வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடவேண்டாம்: ஓய்வறையில் அரை மணித்தியாலம் படுத்தெழும்பலாம், அல்லது பஸ்ஸில் போகலாம்.

மே மாத ரோஸ்டரை ஏப்ரலிலேயே ஒவ்வொருவரிடமும் கேட்டுப் போடுங்கள். முள்ளிவாய்க்கால் நினைவுநாளான 18ஆம் திகதி சிலருக்கு லீவு கட்டாயம் வேண்டும். சிலருக்கு வேலையில் நிற்பதே ஆறுதல். நாமாக ஊகிக்கக் கூடாது.

இரண்டு கிழமைக்கு மேல் தூக்கமில்லை, குடி கூடுகிறது, அடிக்கடி லீவு என்றால் மனநல வைத்தியரிடம் அனுப்புங்கள். "இருந்து என்ன பிரயோசனம்" என்று ஒருவர் சொன்னால், அன்றைக்கே. அதுவரை தனியே விடாதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இரவும் எடுக்கலாம்.

சொந்த வைத்தியசாலைக் கிளினிக்கில் கொப்பியோடு வரிசையில் நிற்க எவரும் விரும்பார். கிளிநொச்சியில் வேலை செய்பவர் வவுனியாவில் காட்ட முடிகிற மாதிரி, நிர்வாகத்துக்குக் கடிதம் போகாமல், முன்கூட்டியே பேசி வையுங்கள்.