எபாக்சி பூசும் முன் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிப் பாருங்கள்

கான்கிரீட் தரையில் எபாக்சி (இறுகிக் கெட்டியாகும் பிசின் பூச்சு) அடிக்கும் முன், சுமார் 45 செ.மீ. சதுரமான கனத்த பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டி, 16 மணி நேரமாவது விடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ இப்போதைக்குப் பூச வேண்டாம். நேரடி வெயில் படும் இடத்தில் இந்தச் சோதனை சரியாக வராது.

கான்கிரீட் முழுக்க நுண்துளைகள். மண்ணிலுள்ள ஈரம் அவற்றின் வழியே ஆவியாக மேலே வந்துகொண்டே இருக்கும். இறுகிய எபாக்சி அதை வெளியே விடாது, அதனால்தான் கொப்புளமும் உரிதலும்.

அப்புறம் தரையில் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சாமல் முத்தாக நின்றால் எண்ணெயோ பழைய பூச்சோ இருக்கிறது. எண்ணெயை முதலில் டிடர்ஜென்ட் போட்டு நன்றாகக் கழுவி எடுத்துவிட்டுத்தான் தரையைத் தேய்க்கும் கிரைண்டர் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது உள்ளேயே பரவும். இந்த வேலையில் தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

ஷீட் காய்ந்திருப்பது அன்றைய நிலையை மட்டுமே காட்டும். மழைக்காலத்தில் மறுபடி பாருங்கள். புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் கழித்துத்தான் இந்தச் சோதனையே. விரிந்து சுருங்கும் விரிசலுக்கு இது எதுவும் உதவாது, எவ்வளவு நன்றாகப் பூசினாலும் அதே இடத்தில் மீண்டும் வெடிக்கும்.