விலை குறைந்த பென் டிரைவ் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி பழகத் தொடங்கிய காலத்தில் நானும் என்னோடு பழகியவர்களும் பென் டிரைவ் வாங்குவதில் செய்த பிழைகளையே இன்று புதிதாக வாங்குவோரும் செய்துவருகிறார்கள். எழுதி முடிக்கும் முன் பிடுங்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது என்பன எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். அன்றாடக் கோப்புகளை வைத்துக்கொள்ளக் குறைந்த செலவில் ஒரு பென் டிரைவ் வாங்குபவர் எங்கே ஏமாறுகிறார் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அளவு குறைவதாக நினைத்து அஞ்சுவது

64 ஜிபி என்று அட்டையில் அச்சிட்ட பென் டிரைவ் விண்டோஸில் ஏறத்தாழ 59.6 ஜிபி அளவில்தான் தெரியும். தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் அதையே 1,073,741,824 பைட் என்று கணக்கிடுகிறது. இது மோசடி அன்று. உண்மையான மோசடியில் திரையில் தெரியும் அளவு குறையவே குறையாது.

போலிக் கொள்ளளவை நம்புவது

பென் டிரைவுக்குள் தரவைத் தாங்கும் ஃப்ளாஷ் சிப் ஒன்றும், அதை இயக்கும் கண்ட்ரோலர் ஒன்றும் உள்ளன. 'உன் கொள்ளளவு எவ்வளவு?' என்று கணினி கேட்கும்போது பதில் சொல்வது கண்ட்ரோலர்தான். கணினி அந்தப் பதிலை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. மோசடி செய்வோர் 16 அல்லது 32 ஜிபி சிப்பைப் பொருத்திவிட்டு, கண்ட்ரோலரின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளை மாற்றி, 1 டிபி (1000 ஜிபி) என்றோ 2 டிபி என்றோ பொய் சொல்ல வைக்கிறார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகும் கண்ட்ரோலர் பிழைச் செய்தி எதையும் காட்டாது. மேற்கொண்டு வரும் தரவைச் சில பென் டிரைவுகள் வாங்கி வீசிவிடுகின்றன. சில, முதலில் எழுதியவற்றின் மீதே மறுபடி எழுதி அவற்றையும் கெடுக்கின்றன.

இதில் மிகக் கொடியது, எல்லாம் சரியாக இருப்பதுபோல் தெரிவதுதான். கோப்புகளின் பெயர், அளவு, தேதி ஆகியவற்றின் அட்டவணை பெரும்பாலும் பென் டிரைவின் தொடக்கப் பகுதியில் இருப்பதால், அது உண்மையான சிப்பில் பத்திரமாகப் பதிந்துவிடுகிறது. புத்தகத்தில் பொருளடக்கம் முழுமையாக அச்சாகியிருக்க, பாதிக்கு மேல் பக்கங்களே இல்லாத நிலை அது.

ஆய்வு மாணவி ஒருவர் இணையத்தில் மலிவாக வாங்கிய 2 டிபி பென் டிரைவை என்னிடம் கொண்டுவந்தார். மடிக்கணினியில் இடம் போதாமல், குடும்பப் படங்களையும் ஆய்வுத் தரவுகளையும் அதற்கு மாற்றிவிட்டு மூலக் கோப்புகளை அழித்திருந்தார். கோப்புறைகள் அனைத்தும் இருந்தன; கோப்புகளின் அளவும் சரியாகவே காட்டியது. முதலில் எழுதிய படங்கள் திறந்தன. ஒரு கட்டத்துக்குப் பிறகு எழுதிய எதுவுமே திறக்கவில்லை. சோதித்ததில் உள்ளே இருந்தது 32 ஜிபி சிப் என்று தெரிந்தது. மீட்பு மென்பொருளால் அழிந்ததைப் பல நேரங்களில் தேடி எடுக்க முடியும். சிப்பில் ஒருபோதும் எழுதப்படாததை எந்த மென்பொருளாலும் எடுக்க முடியாது. அதை அவருக்கு விளக்கிச் சொல்ல நேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

அந்தப் பொருளுக்கு நல்ல மதிப்புரைகள் ஏராளமாக இருந்ததாக அவர் சொன்னார். இருந்திருக்கும். பொருள் கைக்கு வந்த அன்றே நாலைந்து படங்களை ஏற்றித் திறந்து பார்த்துவிட்டுப் பலரும் மதிப்புரை எழுதுகிறார்கள். உண்மையான கொள்ளளவைத் தாண்டும்வரை போலி பென் டிரைவும் ஒழுங்காகவே வேலை செய்யும். மதிப்புரையைவிட விலை தெளிவாகப் பேசும். கிங்ஸ்டன் நிறுவனம் 2017இல் 2 டிபி பென் டிரைவை அறிமுகப்படுத்தியபோது அது வழக்கமானவற்றைவிட மிகத் தடிமனாகவும் மிக விலை உயர்ந்ததாகவும் இருந்தது. ஃப்ளாஷ் சிப்பின் விலை பின்னர் குறைந்திருந்தாலும், பெயர் பெற்ற தயாரிப்பாளர்கள் அதே கொள்ளளவுக்குக் கேட்கும் தொகையில் ஒரு சிறு பங்குக்கே ஒருவர் தருகிறார் என்றால் உள்ளே அந்தச் சிப் இல்லை என்றே கொள்ளுங்கள். பெயர் பெற்ற நிறுவனங்களின் அட்டையையும் போலியாக அச்சிடுகிறார்கள் என்பதால், யார் விற்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

எதை வாங்கினாலும், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், காலியாக இருக்கும்போதே முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சோதியுங்கள். விண்டோஸில் இதற்கு எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள் உண்டு. லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 (F3) உண்டு, அதில் எஃப்3ரைட் எழுதும், எஃப்3ரீட் படித்துச் சரிபார்க்கும். நொடிக்கு 10 எம்பி வேகத்தில் எழுதும் 64 ஜிபி பென் டிரைவை நிரப்பவே ஏறத்தாழ 1 மணி 47 நிமிடம் ஆகும் என்பதால் பொறுமை வேண்டும். குவிக் ஃபார்மட் செய்து பார்ப்பது சோதனை ஆகாது, ஏனெனில் அது அட்டவணையை மட்டுமே புதிதாக எழுதுகிறது. போலி என்று தெரிந்தால் ஃபார்மட் செய்து பயன்படுத்தப் பார்க்காமல் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

'யுஎஸ்பி 3' என்ற எழுத்தை வேகம் என்று எண்ணுவது

யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 ஆகிய மூன்றும் ஒன்றையே குறிக்கின்றன: இணைப்பு நொடிக்கு 5 கிகாபிட் வரை தாங்கும். அந்த வேகத்தில் உள்ளே இருக்கும் சிப் எழுதும் என்று அதற்குப் பொருள் இல்லை. அட்டையில் 'நொடிக்கு 100 எம்பி வரை' என்று அச்சிட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். எழுதும் வேகம் அதில் சிறு பங்காகவே இருக்கலாம், அதைப் பலரும் அச்சிடுவதில்லை. ஒரே பெரிய காணொளியைவிட ஆயிரம் சிறு கோப்புகளை ஏற்ற இன்னும் நேரம் ஆகும். எழுதும் வேகத்தைத் தனியே குறிப்பிடும் பென் டிரைவ் கிடைத்தால் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தாவது அதை வாங்குங்கள்.

ஒரே பிரதியாக வைப்பது

வேண்டாம்.

ஃபார்மட்டைக் கவனிக்காமல் விடுவது

பென் டிரைவில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையே ஃபார்மட்; ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்பன அதன் வகைகள். ஃபேட்32 அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது. போதிய இடம் இருந்தும் பெரிய காணொளி ஏற மறுத்தால் காரணம் இதுதான். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் தீரும், ஆனால் மாற்றும்போது உள்ளே இருப்பவை அழிந்துவிடும் என்பதால் வாங்கிய அன்றே செய்யுங்கள். பழைய தொலைக்காட்சியிலோ காரின் ஒலிக்கருவியிலோ செருக வேண்டியிருந்தால் ஃபேட்32ஆகவே விட்டுவையுங்கள், அவற்றுள் பல எக்ஸ்ஃபேட்டைப் படிப்பதில்லை.