கோல்லம் கை நீட்டிய கணம்: வாசிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலின் இரண்டாம் பாகம் 1954ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் முடிவை நெருங்கும் வேளையில், ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும் சிறிய காட்சி ஒன்று வருகிறது. தீய மோதிரம் ஒன்றை எரிமலை நெருப்பில் அழிக்கப் புறப்பட்ட ஃப்ரோடோ, சிரித் உங்கோல் கணவாய்க்குச் செல்லும் பாறைப் படிகளில் ஏறிக் களைத்து, தன் பணியாளன் சாமின் மடியில் தலைவைத்து உறங்குகிறான். காவல் இருக்க வேண்டிய சாமும் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டான். அந்த மோதிரத்தை முன்பு நெடுங்காலம் வைத்திருந்து இழந்தவனும், இப்போது அவர்களுக்கு வழிகாட்டியாக வந்தவனுமான கோல்லம், எங்கோ போய்விட்டு இருளிலிருந்து ஊர்ந்து வந்து, உறங்கும் இருவரையும் பார்க்கிறான். அவன் கண்களின் மினுக்கு அடங்கி, அவை சாம்பல் பூத்து, முதுமையும் அயர்ச்சியும் தெரியும் கண்களாகின்றன. வேதனையில் உடல் ஒருமுறை முறுக்கிக்கொள்ள, திரும்பிக் கணவாயின் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டுகிறான். பிறகு மீண்டும் வந்து, நடுங்கும் கையை மெல்ல நீட்டி ஃப்ரோடோவின் முழங்காலைத் தொடுகிறான். அந்தத் தொடுகை ஏறத்தாழ ஒரு வருடல் என்றே ஆசிரியர் சொல்கிறார்.

அந்த நொடியில் ஃப்ரோடோ தூக்கத்தில் முனகுகிறான், சாம் விழித்துக்கொள்கிறான், எங்கே பதுங்கிப் போய்ப் பதுங்கி வருகிறாய் என்று அதட்டுகிறான். கோல்லமின் கண்ணில் பச்சை ஒளி திரும்புகிறது. போன கணம் போனதுதான்.

இந்தக் காட்சியைப் பற்றி நண்பர்களோடு பேசும்போதெல்லாம் நான் முதலில் எதிர்கொள்ளும் தவறு, முடிவைத் தெரிந்துகொண்டு தொடக்கத்துக்குத் தீர்ப்பெழுதுவது. கோல்லம் அவர்களை ஷெலாப் என்னும் பெருஞ்சிலந்தியின் குகைக்குள் இட்டுச்சென்று இரையாக விட்டவன். ஆகவே படியில் அவன் காட்டிய கனிவும் நடிப்பே என்று வாதிடுவார்கள். நடிப்பு என்றால் பார்ப்பதற்கு ஒருவர் வேண்டும். அங்கே விழித்திருப்பவர் ஒருவரும் இல்லை. உறங்குபவர்களில் யாரேனும் அப்போது அவனைக் கண்டிருந்தால், உற்றாரையும் ஊரையும் இளமையின் வயல்களையும் ஓடைகளையும் கடந்து நெடுங்காலம் உயிர்பிழைத்துக் கிடக்கும் ஒரு கிழட்டு ஹாபிட்டை, அதாவது தங்களைப் போன்ற குள்ள இனத்தான் ஒருவனைக் கண்டதாகவே நினைத்திருப்பார்கள் என்று டோல்கீன் எழுதுகிறார். அந்த வாக்கியத்தில் எல்லாம் 'கண்டிருந்தால்' என்ற சொல்லில்தான் தொங்குகிறது. இந்தப் பயணத்தை நாம் பெரும்பாலும் ஃப்ரோடோவின் கண்ணாலோ சாமின் கண்ணாலோ பார்த்து வருகிறோம். இங்கே மட்டும் இருவர் கண்களும் மூடியிருக்க, வாசகருக்கு மாத்திரம் அந்த முகம் காட்டப்படுகிறது. அதைப் பொய் என்று தள்ளுபவர், தமக்கென்றே காட்டப்பட்ட ஒன்றைப் பார்க்க மறுக்கிறார்.

இரண்டாவது தவறு இதைவிட நுட்பமானது. ஸ்மீகோல் (கோல்லமின் பழைய பெயர்) நல்லவன், கோல்லம் கெட்டவன், ஒரே உடலில் இருவர் குடியிருக்கிறார்கள், படியில் நல்லவன் ஒரு நொடி மேலே வந்தான் என்று வகுத்துக்கொள்வது. இப்படி வகுப்பதற்குக் கதையிலேயே இடம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. சதுப்பு நிலத்தைக் கடந்தபின் ஒரு வேளை, இரண்டு குரல்களில் அவன் தனக்குத்தானே வாதாடுவதைச் சாம் படுத்தபடியே ஒட்டுக் கேட்கிறான். வெளிறிய ஒளியும் பச்சை ஒளியும் கண்களில் மாறிமாறி வருகின்றன. ஆனால் அந்த இரு குரல்களுக்கும் மோதிரத்தின் மேல் ஆசை உண்டு. ஒரு குரல், ஃப்ரோடோவுக்குக் கொடுத்த வாக்கை எண்ணித் தயங்குகிறது, மற்றொன்று அந்த வாக்கில் ஓட்டை தேடுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. பிறகு இரண்டு பாதிகளும் தங்களுக்குள் தற்காலிக உடன்பாடு செய்துகொண்டதாகச் சாமே கருதுகிறான்.

படியில் நடப்பது அந்த வாதத்தின் மறுபதிப்பன்று. ஓயாமல் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பவன் இங்கே வாயே திறப்பதில்லை. உள்ளுக்குள் ஏதோ விவாதம் நடப்பதுபோல் தலையை மட்டும் ஆட்டுகிறான். குழையும் குரலும் சீறும் குரலும் ஒருங்கே அடங்கியபின் எஞ்சும் ஒருவனை, ஏறத்தாழ 500 ஆண்டுகள் மோதிரத்தின் பிடியில் கிடந்து தேய்ந்த ஒரே மனிதனை, நாம் அங்கே சந்திக்கிறோம் என்பது என் துணிபு. இதற்கு ஒரு சிறு தடயமும் உண்டு. தன்னைப் பெரும்பாலும் 'நாங்கள்' என்றோ 'ஸ்மீகோல்' என்றோ சொல்லிக்கொள்ளும் அவன், அரிதாக 'நான்' என்று சொல்லும்போது பழைய உண்மையின் மிச்சம் ஏதோ தலைகாட்டுகிறது என்று ஃப்ரோடோ முன்னரே கவனித்து வைத்திருக்கிறான். தேர்ந்தெடுப்பதற்கு ஒரு 'நான்' வேண்டும். இரண்டு பேராகப் பிரித்துவிட்டால் பொறுப்பு யார்மீதும் விழாது, காட்சியின் வலியும் போய்விடும்.

அடுத்தது, பழி முழுவதையும் சாமின் தலையில் கட்டுவது. டோல்கீனே இதற்கு ஓரளவு இடம் கொடுத்திருக்கிறார். சாமின் ஒரு கடுஞ்சொல் குறுக்கிட்டிராவிட்டால் கோல்லம் மனந்திரும்பியிருப்பான், மயிரிழையில் அது தவறியது என்ற கருத்தில் 1945 ஜனவரியில் மகன் கிறிஸ்டஃபருக்கு எழுதினார். 1963இல் ஒரு வாசகருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், கோல்லமின் குரலும் தோற்றமும் அடியோடு மாறியிருந்ததைச் சாம் கவனிக்கத் தவறியதே கதையின் மிகத் துயரமான இடமாகத் தமக்குத் தோன்றுகிறது என்றார். ஆனால் தவறியது கவனம். சாமின் நெஞ்சில் வஞ்சம் ஏதும் இல்லை. தூங்கியிருக்கக் கூடாத நேரத்தில் தூங்கிவிட்டோம் என்ற பதற்றத்தில் விழிக்கிறான், எஜமானின் மேல் ஒரு கை தடவுவதைக் காண்கிறான், அதட்டுகிறான். சற்று நேரத்தில் மனம் குறுகுறுக்க, மன்னித்துக்கொள் என்று வெளிப்படையாகக் கேட்கவும் செய்கிறான். இந்த மன்னிப்பைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது வரத்தான் செய்கிறது, ஆனால் வரும்போது கண்ணில் பச்சை ஒளி ஊன்றிவிட்டது. அதன் பிறகு ஃப்ரோடோ விழித்து, இனி உனக்கு விருப்பமான இடத்துக்குப் போகலாம், எதிரியின் ஆட்களிடம் மட்டும் போகாதே என்று விடைகொடுக்கவும் முன்வருகிறான். கோல்லம் அதை ஏற்கவில்லை. ஒரே இரவில் கதவு இரண்டாம் முறை திறந்தும் அவன் வெளியேறவில்லை என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு நேராகும்.

ஃப்ரோடோவின் பங்கையும் விட்டுவிடக் கூடாது. சில நாட்களுக்கு முன், தடைசெய்யப்பட்ட குளத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த கோல்லமை, வழியில் அவர்கள் சந்தித்த படைத்தலைவன் ஃபாராமிரின் வில்லாளிகளின் அம்பிலிருந்து காப்பாற்ற, ஃப்ரோடோ நம்பிக்கையூட்டி அழைத்தான். வந்தவனைக் காவலர்கள் பிடித்துக் கட்டினார்கள். உயிர்காத்த செயலே வஞ்சகமாகத் தெரியும் என்று ஃப்ரோடோவுக்கு அப்போதே தெரியும். படியில் நீண்ட அந்தக் கை, இந்தக் காயத்தையும் தாண்டி நீண்டது.

திரைப்படத்தை வைத்துப் பேசுவோருக்கு ஒரு சொல். 2003இல் வந்த படத்தில் கோல்லம் பயண ரொட்டியை வீசியெறிந்துவிட்டுப் பழியைச் சாமின் மேல் போடுகிறான். ஃப்ரோடோ சாமைத் திருப்பி அனுப்புகிறான். நான் விவரித்த தொடுகை அதில் இல்லை. படத்தை ரசிக்கலாம், ஆனால் அந்தச் சூழ்ச்சிக்காரனை நாவலின் படிகளில் உட்காரவைத்துப் படிக்கக் கூடாது.

நாவலின் முடிவில் கோல்லம் மோதிரத்தைப் பறித்து அதோடு நெருப்பில் விழுவதால்தான் அது அழிகிறது. அவன் மனம் மாறியிருந்தால் மோதிரம் அழிந்திருக்காது, ஆகவே அவன் தவறியதும் நல்லதற்கே என்ற வாதமும் அடிக்கடி வரும். மேற்சொன்ன 1963ஆம் ஆண்டுக் கடிதத்தில் டோல்கீன் மாற்று முடிவையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்: மோதிரத்தின் இழுப்பு அப்போதும் இருந்திருக்கும், கடைசியில் அவன் அதைக் களவாகவோ வலுவாகவோ பறித்திருப்பான், ஆனால் பறித்தபின் ஃப்ரோடோவுக்காகத் தானே நெருப்பில் குதித்திருக்கக்கூடும். அவனுடைய வீழ்ச்சி இன்றியமையாததாக ஆசிரியருக்கே தோன்றவில்லை.

சொல்லைப் பற்றியும் ஒன்று. 'வில்லன் திருந்தும் காட்சி' என்று இதைக் குறிப்பது பொருந்தாது. திருந்துதல் நடந்து முடிந்த ஒன்று. அதற்குப் பின்னால் திருந்திய வாழ்க்கை வேண்டும். மனந்திரும்புதல் என்பது தலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்புவது. படியில் அந்தத் தலை கணவாயின் பக்கமிருந்து உறங்குபவர்களின் பக்கம் உண்மையாகவே திரும்பியது, நிலைக்கவில்லை.

எரிமலைச் சரிவில் சாமின் வாள்முனையில் கோல்லம் மறுபடியும் விழுந்து கிடக்கிறான். இடையில் சிறிது காலம் மோதிரத்தைத் தானே சுமந்துவிட்ட சாமுக்கு, அந்தச் சுருங்கிய உடலின் வேதனை மங்கலாகப் புரிகிறது. அதைச் சொல்ல அவனுக்குச் சொற்கள் வாய்க்கவில்லை. இந்த முறையும் வாயில் வருவது வசைதான். நாற்றம் பிடித்தவனே, தொலைந்து போ என்கிறான். வாள் மட்டும் இறங்கவில்லை.